கிண்டியில் அவிழ்ந்த முறுக்கு

(திருவண்ணாமலையில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புரதம் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். இன்றைக்குப் புரதம் என்றாலே எல்லோரும் கிராம் கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். முட்டையில் எத்தனை, பருப்பில் எத்தனை, டப்பாவில் விற்கிற பவுடரில் எத்தனை என்று கேட்கிறார்கள். அந்தக் கணக்கு வேண்டியதுதான். பின்னால் அதற்கும் வருகிறேன். ஆனால் தின்ற புரதத்தை உடம்பு எடை போட்டுப் பயன்படுத்துவதில்லை. இரத்தம் மூச்சுக்காற்றைச் சுமப்பதும், புண் ஆறுவதும், சர்க்கரை கட்டுக்குள் இருப்பதும் புரதங்களின் வடிவத்தால் நடக்கிற காரியங்கள். வடிவம் ஓரிடத்தில் பிசகினால் ஆள் படுத்துவிடுகிறார். இன்று நான் பேசப் போவது அந்த வடிவத்தைப் பற்றி.

அதை இந்த ஊரில் பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. மனித உடம்பில் மிக அதிகமாக இருக்கிற புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தது சென்னைக் கிண்டியில் இருந்த ஒரு சின்னக் குழு. அவர்கள் கைக்கு அந்தப் புரதம் வந்து சேர்ந்ததற்குத் தோல் தொழில் ஒரு காரணம். அந்தத் தொழிலோ நம் பழைய வடஆற்காடு மாவட்டத்தின் தொழில்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். அமினோ அமிலங்கள் 20 வகை. அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு நீண்ட சங்கிலி ஆகின்றன. எந்த அமிலத்துக்கு அடுத்து எது என்ற வரிசை நம் மரபணுவில் இருக்கிறது. சங்கிலி உருவானதும் சும்மா நீட்டிக்கொண்டு கிடப்பதில்லை. சுருண்டு, மடிந்து, தனக்கே உரிய ஒரு வடிவத்துக்கு வந்துவிடுகிறது. முட்டையை வேக வைக்கும்போது வெள்ளைக்கரு கெட்டியாகிறதே, அங்கே சங்கிலி அறுபடவில்லை. வரிசையும் மாறவில்லை. மடிப்பு மட்டும் குலைந்து, சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. தின்பதற்கு அதனால் நஷ்டம் இல்லை, செரிப்பது எளிதாகிறது. ஆனால் கருவில் அந்தப் புரதம் செய்ய வேண்டிய வேலை அத்தோடு முடிந்தது.

இப்போது தோலுக்கு வருவோம். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, இரத்தக் குழாயின் சுவர் இவற்றுக்கெல்லாம் உறுதி தருகிற புரதத்துக்குக் கொலாஜன் என்று பெயர். நம் உடம்பில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ கால் பங்கு முதல் முப்பது சதவீதம் வரை இதுதான். ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதப்படுத்தும்போது முடி போகும், கொழுப்பு போகும், மற்றப் புரதங்கள் பெரும்பாலும் போய்விடும். மிஞ்சி நிற்பது கொலாஜன். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரியாத காலத்திலேயே பொருள் நன்றாகத் தெரியும். ஆவாரம்பட்டையை ஊறவைத்த நீரில் தோலைப் போட்டால் அது ஏன் அழுகாமல் நிற்கிறது? பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் கொலாஜன் இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிணைத்துவிடுகிறது. கிருமிகளின் நொதிகளால் அதை எளிதில் அரிக்க முடியவில்லை. பின்னாளில் ஆவாரம்பட்டை இருந்த இடத்தில் குரோமியம் வந்தது, வேலை வேகமானது, பாலாற்று மண்ணும் நிலத்தடி நீரும் அதற்கு விலை கொடுத்தன. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன வழக்கு அது. அந்தத் துயரத்தைத் தொடாமல் இந்த மாவட்டத்தின் தோல் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பறை அடிப்பவர்கள் வாசிப்பதற்கு முன் தீயில் காட்டுகிறார்கள் இல்லையா? அங்கேயும் நடப்பது கொலாஜன் வேலைதான். இழைகளுக்குள் தண்ணீர் உட்கார்ந்திருந்தால் தோல் தளர்கிறது. தண்ணீரை விரட்டினால் இழைகள் நெருங்கித் தோல் விறைக்கிறது, ஓசை எழுகிறது. கொலாஜனுக்கும் தண்ணீருக்கும் உள்ள இந்த உறவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிண்டிக் கதையில் அது மறுபடி வரும்.

1948இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற மறு வருஷம். தோல் ஏற்றுமதியில் சென்னை மாகாணம் முன்னால் நின்றதால் நிறுவனம் இங்கே வந்தது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு இயற்பியல் துறைத் தலைவராக ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். அப்போது அவர் முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்தவர், அப்பா கணிதப் பேராசிரியர். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவரை சர் சி. வி. ராமன் இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் இரண்டு ஆண்டுகள் எக்ஸ் கதிர்களோடு பழகிவிட்டு வந்தவர். துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் புது ஆய்வுக்கூடம் அமைத்துக்கொள்ள அவருக்குக் கை கொடுத்தார். அந்தக் காலத்துப் பல்கலைக்கழக வரவு செலவை நினைத்தால், அது சின்ன உதவி இல்லை.

என்ன ஆராய்வது என்று அவர் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஜே. டி. பெர்னல் என்ற, அயர்லாந்தில் பிறந்த விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். எக்ஸ் கதிர் கொண்டு புரதங்களைப் படம் எடுத்த முன்னோடி அவர். பேச்சுவாக்கில், கொலாஜனுக்கு இதுவரை சொல்லப்பட்ட வடிவங்கள் எதுவும் திருப்தியாக இல்லை என்றார். லைனஸ் பாலிங் போன்ற ஜாம்பவானே முயன்று சரிவராமல் போன புரதம் அது. ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். துணைக்கு கோபிநாத் கர்த்தா. முதலில் கிடைத்தது சுறாத் துடுப்பிலிருந்து எடுத்த கொலாஜன். படம் தெளிவாக விழவில்லை. நல்ல மாதிரி தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கிடைத்தது: கங்காரு வாலின் தசைநாண். ஆஸ்திரேலிய விலங்கின் வால் தசைநாண் அடையாற்றில் கிடைக்கிறது என்றால், அங்கே உலகத்துத் தோல்களையெல்லாம் ஆராய ஒரு நிறுவனம் இருந்ததுதான் காரணம்.

எக்ஸ் கதிர்ப் படம் என்றவுடன் மருத்துவமனையில் எலும்பு முறிவுக்கு எடுக்கிற படத்தை நினைக்க வேண்டாம். இழையின் மேல் கதிரைப் பாய்ச்சினால் படச்சுருளில் சில கறுப்புப் புள்ளிகளும் வளைவுகளும் விழும், அவ்வளவுதான். அணுக்கள் எங்கே எந்த ஒழுங்கில் அடுக்கியிருந்தால் இந்தப் புள்ளிகள் விழும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். இன்னொரு துப்பு வேதியியலிலிருந்து கிடைத்தது. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். 20 அமினோ அமிலங்களில் கிளைசின்தான் ஆகச் சிறியது. பக்கத்தில் தொங்குவது ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு.

இந்த மூன்றில் ஒன்றை ராமச்சந்திரனும் கர்த்தாவும் விடாமல் பற்றினார்கள். 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் கட்டுரை வந்தது. மூன்று சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒவ்வொன்றும் சுருண்டிருக்கிறது, ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் இருக்கிற கிளைசின் நடு அச்சைப் பார்த்து நிற்கிறது. நடுவில் இடம் அவ்வளவு குறைவு, கிளைசினைத் தவிர வேறு எதுவும் அங்கே அடங்காது. அந்த முதல் வடிவத்தில் ஒரு சுற்றுக்குச் சரியாக மூன்று அமிலங்கள். ஆனால் எக்ஸ் கதிர்ப் படத்தை ஊன்றிப் பார்க்கப் பார்க்க, ஒரு சுற்றுக்கு மூன்று இல்லை, மூன்றே கால்சொச்சம், அதாவது 3 சுற்றுக்கு 10 என்று தெரிந்தது. அப்படியானால் ஒவ்வொரு மூன்றாவது இடத்துக் கிளைசினும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, நடு அச்சைவிட்டு விலகிப் போய்விட வேண்டுமே?

இதற்கு 1955இல் வந்த விடை என்னை இன்றும் பரவசப்படுத்துகிறது. உங்களுக்கு அதைச் சொல்ல உங்கள் மலையையே துணைக்கு அழைக்கிறேன். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறீர்கள். மலை எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம். பாதை நேராகப் போனால் என்ன ஆகும்? சற்று நேரத்தில் மலை உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பாதை அடிக்கு அடி மலையை நோக்கி வளைந்துகொண்டே வருவதால்தான் கடைசிவரை மலை வலப்பக்கமே இருக்கிறது. கொலாஜன் சங்கிலியும் அப்படித்தான். தனக்குள் சுருண்டுகொண்டே, மற்ற இரண்டு சங்கிலிகளோடு சேர்ந்து ஒரு பொது அச்சையும் சுற்றி மெதுவாக வளைகிறது. அந்த வளைவு கிளைசினின் விலகலை ஈடுகட்டி, அத்தனை கிளைசினையும் நடுவைப் பார்த்தே வைத்திருக்கிறது. சுருளுக்கு மேல் சுருள். இதுதான் முச்சுருள் வடிவம்.

அதே 1955இல் டி.என்.ஏ. புகழ் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இதே அடிப்படையில் தங்கள் வடிவத்தை வெளியிட்டு, சென்னை வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று குறை சொன்னார்கள். சங்கிலிகளை இணைக்கிற ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று அமிலத்துக்கு ஒன்றா இரண்டா என்பதும் தகராறு. நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்ற வகையில் கிரிக், ரிச் சொன்னதே நின்றது. பிற்காலத்தில், 1994இல், கொலாஜனை ஒத்த ஒரு சிறு சங்கிலியைப் படிகமாக்கி மிகத் துல்லியமாகப் பார்த்தார்கள். முச்சுருள் இருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் வரிசையாக நின்று சங்கிலிகளைக் கைகோத்துப் பிடித்திருந்தன. பறைத்தோலில் தண்ணீருக்கு அவ்வளவு செல்வாக்கு இருப்பது வியப்பில்லை.

அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்ற அந்தக் குறையை ராமச்சந்திரன் எடுத்துக்கொண்ட விதத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம் என்பதற்குச் சரியான அளவு யாரிடமாவது இருக்கிறதா என்று அவர் கேட்டார். வெளிவந்திருந்த படிக அமைப்புகளையெல்லாம் தேடித் தொகுத்தார்கள். பிறகு சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து எல்லாப் புரதத்துக்கும் பொதுவான ஒரு கேள்வியை எடுத்தார். சங்கிலியில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இடத்தில் திருகலாம். அந்த இரண்டு கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். எந்தக் கோணத்தில் திருகினால் அணுக்கள் முட்டிக்கொள்ளாது? கோணம் கோணமாகக் கணக்குப் போட்டார்கள். அந்த வரைபடம் 1963இல் வந்தது. அதில் பெரும்பகுதி வெறுமை. அங்கெல்லாம் அணுக்கள் மோதும். அனுமதி உள்ள இடம் சில தீவுகள் மட்டுமே. புரதங்களில் காணப்படுகிற சுருள்கள், மடிப்புத் தகடுகள், கொலாஜன் எல்லாமே அந்தத் தீவுகளில்தான் வந்து உட்காருகின்றன.

உலகத்தின் எந்த மூலையில் யார் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். தடைசெய்யப்பட்ட இடத்தில் நிறையப் புள்ளிகள் விழுந்தால் எங்கோ பிழை என்று பொருள். 2024இல் கணினியால் புரத வடிவத்தைக் கணித்தவர்களுக்கு வேதியியல் நோபல் கொடுத்தார்கள். அந்தக் கணிப்புகளையும் இந்த வரைபடத்தில் வைத்துத்தான் தரம் பார்க்கிறார்கள். ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவில்லை. 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார். அவருக்கு நோபல் கிடைத்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன்.

இனி நோய்க்கு வருகிறேன். கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது இடமும் கிளைசினாக இருந்தே தீர வேண்டும் என்று பார்த்தோம். பிறவியிலேயே மரபணுவில் ஓர் எழுத்து மாறி, ஒரே ஓர் இடத்தில் கிளைசினுக்குப் பதில் பெரிய அமிலம் வந்துவிட்டால் அங்கே முறுக்கு கெடுகிறது. சில குழந்தைகளுக்குத் தூக்கினாலே எலும்பு முறிகிறதே, அந்த நோயின் பல வகைகளுக்கு மூலம் இதுதான். அத்தகைய குழந்தையின் தாயை அடித்து வளர்க்கிறாள் என்று சந்தேகப்படுகிற கொடுமையும் நடப்பதுண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நெல்லிக்காயும் இந்தக் கதையில் இருக்கிறது. கொலாஜனில் உள்ள புரோலின் என்ற அமிலத்தின் மேல் ஓர் ஆக்சிஜன் ஏறி ஹைட்ராக்சிபுரோலின் ஆக வேண்டும். அதைச் செய்கிற நொதிக்கு, நெல்லிக்காயில் நிறைய இருக்கிற வைட்டமின் சி வேண்டும். இல்லாவிட்டால் உருவாகிற முச்சுருள் நம் உடற்சூட்டிலேயே பிரிந்துவிடும். ஈறு கசியும், பல் ஆடும், பழைய தழும்புகூடத் திறந்துகொள்ளும். கடல் பயணிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற ஸ்கர்வி நோய் இதுதான்.

கொலாஜனைவிட்டு இரத்தத்துக்கு வந்தால், ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலியில் 146 அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வந்தால், ஆக்சிஜனை இறக்கியதும் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கோல்களாகின்றன. சிவப்பணு அரிவாள் போல வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது. இந்தியாவில் இதை முதலில் கண்டது நம் நீலகிரியில்தான். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் அங்குள்ள பழங்குடி மக்களிடையே கண்டு எழுதினார்கள். ராமச்சந்திரன் கிண்டிக்கு வந்த அதே ஆண்டு. அடுத்த எழுபது ஆண்டுகளில் புரத அறிவியல் எங்கோ போய்விட்டது. மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு ஓர் இரத்தப் பரிசோதனை போய்ச் சேரத்தான் நாளாயிற்று. 2023 ஜூலையில் ஒன்றிய அரசு அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி, 40 வயது வரை உள்ள ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்தவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். கணவன், மனைவி இருவரும் அத்தகையவர்களாக இருந்தால் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. திருமணத்துக்கு முன் தெரிந்துகொள்வது குடும்பத்துக்கு நல்லது.

சர்க்கரை நோய் இல்லாத வீடு இந்தக் கூட்டத்தில் குறைவு. இன்சுலின் 51 அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். அதன் வடிவத்தை 1969இல் ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி ஹாட்கின் குழு கண்டபோது அதில் நம் நாட்டு எம். விஜயன் இருந்தார். இன்சுலினை ஏன் மாத்திரையாக விழுங்க முடிவதில்லை? வயிறும் குடலும் பருப்பைச் செரிப்பது போலவே அதையும் செரித்துவிடும். ஏன் வெயிலில் வைக்கக் கூடாது? மடிப்பு கெட்டுவிடும். ஃப்ரீஸரில் வைத்து உறைந்தாலும் கெடும். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் தண்ணீர் ஊற்றிய மண்சட்டிக்குள் நனையாமல் ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். வெயில் காலத்தில் மேசைமேல் வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

மூன்று மாத சர்க்கரை என்று ஒரு பரிசோதனை எழுதித் தருகிறார்களே, அது ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற அளவு. சிவப்பணுவுக்கு ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதனால் அந்தக் கணக்கு. ஆனால் அதே சர்க்கரை கொலாஜனிலும் ஒட்டுகிறது. கொலாஜனோ ஆண்டுக்கணக்கில் உடம்பில் இருக்கும். ஒட்டிய சர்க்கரை இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து விறைக்க வைக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் தூக்க முடியாமல் இறுகிப்போவதும் விரல்கள் மடங்காமல் போவதும் மற்றவர்களைவிட அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம்.

கடைசியாக முழங்கால். கிரிவலப் பாதைக்காரர்கள் கேட்காமல் விடமாட்டீர்கள். கொலாஜன் பவுடர் வாங்கலாமா, ஆட்டுக்கால் சூப்பு குடித்தால் மூட்டு தேறுமா என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் கூழாக உறைகிறதே, அது முறுக்கு பிரிந்த கொலாஜன். குடித்தால் அதுவும் அமினோ அமிலங்களாகவும் சின்னத் துண்டுகளாகவும் செரிக்கும். குடித்த முச்சுருள் அப்படியே போய் முழங்காலில் உட்காராது. மூட்டுக் குருத்தெலும்பின் கொலாஜன் வளர்ச்சி நின்ற வயதுக்குப் பிறகு மிகமிகக் குறைவாகவே புதுப்பிக்கப்படுகிறது. போதாததற்குக் கொலாஜனில் டிரிப்டோபான் என்ற அவசியமான அமிலமே கிடையாது. சூப்பு பிடித்தால் ருசிக்காகக் குடியுங்கள். முழங்காலுக்கு உறுதியாகப் பயன் தருவது உடம்பு எடையைக் குறைப்பதும் தொடைத் தசையை வலுவாக்குகிற பயிற்சியும்.

கிராம் கணக்கைச் சொல்கிறேன் என்றேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை, உடம்பு எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு ஏறத்தாழ 50 கிராம். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. சோறும் சாம்பாரும், இட்லி மாவில் உளுந்தும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. நம் மாவட்டத்து மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், 100 கிராமுக்கு 25 கிராம் புரதம் இருக்கிறது. அதை எண்ணெய்க்கும் சட்னிக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டு டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். பிள்ளைகள் பள்ளிச் சத்துணவில் முட்டையை வைத்துவிட்டு வந்தால் ஏன் என்று கேளுங்கள். வயதானவர்களுக்குப் பல் இல்லை, பசி இல்லை என்று ரசஞ்சோற்றோடு நிறுத்திவிடுகிறோம். தசை கரைவதும் கீழே விழுவதும் அங்கேதான் தொடங்குகிறது. குழைந்த பருப்போ தயிரோ மீனோ ஏதோ ஒன்று அவர்கள் தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். ராமச்சந்திரன் தொடங்கிய படிகவியல், உயிர் இயற்பியல் துறை இன்னும் கிண்டி வளாகத்தில் இயங்குகிறது. இங்கிருந்து பேருந்து ஏறினால் சில மணி நேரம். இயற்பியல் எடுக்கலாமா உயிரியல் எடுக்கலாமா என்று குழம்புகிறவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் படிக்க அங்கே இடம் இருக்கிறது. இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். முதல் கேள்வி முன்வரிசையிலிருந்து வரட்டும்.